நல்ல மனுஷருக்கு ஒரு சின்னக் கஷ்டம்

ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் லிஃப்ட் மெக்கானிக்குக்கு, உலகத்தில் ஒரே ஒருவரைக் கண்டால்தான் தர்மசங்கடம். அவன் மனைவியின் உயிரைக் காப்பாற்றிய பல் டாக்டர்.

பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் தவித்த அன்று, வாயைப் பிளந்துகொண்டிருந்த நோயாளியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து ரத்தம் கொடுத்தவர் அவர். நன்றி சொல்லப் போனால், "அதை இன்னுமா நெனச்சிட்டிருக்கீங்க?" என்பார். சாக்லேட் பெட்டியை நீட்டினால், "பல்லுக்கு ஆகாது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். வேறு ஏதாவது செய்யலாம் என்றால் மனுஷருக்கு ஒரு குறையும் இல்லை. எதிரிகூட இல்லை. இப்படிப்பட்டவருக்கு எந்தப் பக்கமாகப் போய் நன்றி காட்டுவது?

"அவருக்கு ஒரு சின்னக் கஷ்டம் வந்தா நல்லாயிருக்கும்" என்றான் மனைவியிடம்.

"கால் உடையணும்னு வேண்டிக்கிறீங்களா?"

"சேச்சே, என்ன பேச்சு பேசுற! சுளுக்கு போதும்."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் டாக்டரின் கட்டடத்து லிஃப்டை சர்வீஸ் செய்யும் முறை வந்தது. கதவு சுவிட்ச் கருகியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் லிஃப்ட் பாதியில் நின்றுவிடும். பையிலிருந்து புது சுவிட்சை எடுத்தான். ஆறாம் மாடிக்கு டாக்டர் இதில்தான் போவார் என்று தோன்றியது. சுவிட்சைத் திரும்பப் பையில் போட்டான். கதவை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் காலை வாட்ச்மேன் போன் செய்தார். "டாக்டர் லிஃப்டுல மாட்டிக்கிட்டாருப்பா! கத்துறாரு!"

ஸ்பேனர் தலை வாரிக்கொண்டு ஓடினான்.

மொட்டை மாடிக்கு ஏறி, மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை இறக்கி, கீழே வந்து கதவைத் திறந்தான். மூலையில் சுருண்டு கிடந்தார் டாக்டர். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அடைபட்ட இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டு கைகளாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடவுள் மாதிரி வந்தீங்க தம்பி. சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன்."

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் ஏங்கினான். கேட்டதும் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்; அவர் விடவில்லை.

"சார், சுவிட்ச் போயிருந்தது எனக்கு நேத்தே தெரியும். வேணும்னுதான் மாத்தல."

"ஏன் தம்பி? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ரத்தம் குடுத்தீங்க சார்."

டாக்டர் பிடித்திருந்த கையை விட்டார். தள்ளாடியபடி படிக்கட்டை நோக்கி நடந்தார். ஸ்பேனர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.