சவப்பெட்டியில் மாமாவின் பங்கு

அப்பா இறந்த காலையில் முதலில் வந்தவர் தெங் ஹுவாட் மாமாதான். பினாங்குத் துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர். சவப்பெட்டி வாங்க எனக்கு என்ன தெரியும்? "எனக்காக நீங்களே பேசி முடிச்சிடுங்க மாமா" என்றேன்.

கடையில் நான் காட்டிய சாதாரணப் பெட்டியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்கப்பன் ஒரு நல்ல கட்டில்ல படுத்திருக்கானா, பீ கியோக்? இதுலயாவது படுக்கட்டும்" என்று கனமான பெட்டி ஒன்றைத் தட்டினார். சொல்லும்போதே கண் கலங்கினார். நானும் அழுதபடி தலையாட்டினேன்.

அடக்கம் முடிந்து மீதிப் பணத்தைக் கட்டக் கடைக்குப் போனபோது, கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். கடைக்காரி சலித்துக்கொண்டாள்.

"எங்க குறைக்கிறது? உங்க மாமாவுக்கே மூவாயிரம் வெள்ளி கமிஷன் போயிடுச்சு. யாரைக் கூட்டிட்டு வந்தாலும் அவருக்குப் பங்கு உண்டு லா."

அந்தக் கண்ணீருக்கும் சேர்த்தா கூலி?

கேட்டதற்கு மாமா கொஞ்சமும் கூசவில்லை. "எல்லாரும் வாங்குறதுதானே? பெட்டி நல்ல பெட்டி" என்று காப்பியை உறிஞ்சினார்.

வழக்குப் போட்டேன். நீதிமன்றத்திலும் மாமாவுக்கு அதே பேச்சு. "யாருக்கு வித்தாலும் அதே விலைதாம்மா. இந்தப் பொண்ணுக்கு ஒரு காசு நஷ்டமில்ல."

நீதிபதி அம்மா அவரை நிறுத்தினார். "நஷ்டத்தைப் பத்தி நான் கேக்கல. யாருக்காகப் பேசப் போனீங்க?"

"இந்தப் பொண்ணுக்காக."

"கடையில பங்கு வாங்கினதை இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"துக்க வீட்ல அதை எப்படிச் சொல்றது?"

"அப்ப அது லஞ்சம். விலை சரியா இருந்தாலும், ஊர் வழக்கமா இருந்தாலும் லஞ்சம்தான். இவங்களுக்காகப் போன இடத்துல மறைச்சு வாங்கினது இவங்களுக்குத்தான் சேரும்."

பணத்தை மாமா வீட்டுக்கே கொண்டுவந்தார். சாவுக்கு மொய் வைக்கும் வெள்ளை உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அப்பாவுக்குன்னு வச்சுக்கோம்மா."

"உறையிலேருந்து எடுத்துக் குடுங்க. இது நீங்க வைக்கிற மொய் இல்ல."

நோட்டுகளை மேசையில் வைத்தார். உறையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தேநீர் வருமா என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். நான் போய் வாசற்கதவைத் திறந்து பிடித்தேன்.

அப்பா டயாலிசிஸ் செய்துகொண்ட தரும நிலையத்தில் அன்றே அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அதை வீட்டில் ஓர் இரவு வைத்திருக்கவும் அருவருப்பாக இருந்தது.