மறுகூவல்

மார்கழித் திங்களின் காலைப் பொழுதிலே, சேர்வராயன் மலையின் முடியும் மறைந்து அடியும் மறைந்து, நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் இருக்குமிடமே தெரியாவண்ணம் வெண்பனி படர்ந்து கிடந்தது. அப்பனியிற் பழம் பறிக்கும் பெண்டிருள் ஒருத்தி 'கூ' என்றால், மற்றொருத்தி 'கூ' என்று மறுகூவல் தருவாள். மறுகூவல் வராவிடில், காட்டெருமை முட்டிற்றென்றே கொண்டு தேடி ஓடிவருவர். அது அவர்களுடைய எழுதா நெறி.

அமுதவல்லி அன்று அந்நெறியை மறந்தாள். கணவனைக் காட்டெருமைக்குப் பறிகொடுத்தபின் ஈராண்டாய், இலை அசைந்தாலும் நடுங்கும் நெஞ்சம் அவளுடையது. மன அமைதியே இன்பமென்று உரைத்த புத்தப் பள்ளியொன்றை நாடி, ஆங்குள்ள பிக்குணியிடம் மூச்சைக் கவனிக்கப் பயின்று, முழுநிலா நாளாகிய அன்று பொழுது சாயுமட்டும் பேசா நோன்பு பூண்டிருந்தாள். உடன் பறிக்கும் வேலம்மாளிடம் இதனை முன்னமே சொல்லிவைக்க அந்த நல்லவளுக்குத் தோன்றவில்லையே!

வேலம்மாள் கூவினாள், மறுமொழி இல்லை. மீண்டும் கூவினாள். மூன்றாம் முறை அக்குரல் உடைந்திருந்தது.

"ஏ அமுதா! இருக்கறயா கண்ணு? ஒரு சத்தம் குடு சாமி!"

அவ்வேளை, அமுதவல்லிக்குப் பத்தடி அப்பால் பனி கறுத்தது. கறுத்தது திரண்டு மூச்செறிந்தது. கொம்பிரண்டும் தெரிந்தபோது அவள் பழக்கூடையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வாய்மூடி நின்றால் உயிர் பிழைக்கலாம். நோன்பும் அதற்கு நல்ல சாக்கு. ஆனால் சருகின்மேல் செருப்பொலி நெருங்கிற்று. வேலம்மாள் அவளைத் தேடி, விலங்கை நோக்கியே வந்துகொண்டிருந்தாள்.

அமுதவல்லி தன் மூச்சைப் பார்த்தாள். அச்சம் அகன்றதென்று எண்ணற்க, அன்பரே. அச்சம் அங்கேயேதான் இருந்தது. தன்னைப் போலவே நடுங்கிக்கொண்டு ஒருத்தி வருகின்றாள் என்னும் இரக்கமும் அதனருகே வந்து நின்றது. உரக்கக் கத்தினால் விலங்கு மருளுமென்று அறிந்தவளாய், பிள்ளையை உறங்கவைக்கும் குரலில் அவள் நோன்பை விட்டாள்.

"அக்கா, நான் நல்லாத்தான் இருக்கறனுங்க. அங்கயே நில்லுங்க. நடுவால காட்டெருமை நிக்குது."

செருப்பொலி நின்றது. விலங்கோ குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பிற்று. அவள் ஒரு மூச்சை எண்ணினாள், மற்றொன்றையும் எண்ணினாள். ஏழாம் மூச்சில் அது செடிகளை முறித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிப் போயிற்று.

வேலம்மாள் ஓடிவந்து, கன்னத்தில் ஓர் அறை வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வாயில என்னடி கொழுக்கட்டையா? செத்துட்டயோன்னு நொம்ப பயந்துட்டனே!"

பிறரை அஞ்சவைத்து நாம் காக்கும் அமைதி அமைதியாகுமோ? நெஞ்சம் இன்னும் நடுங்கியவாறிருக்க, ஈராண்டில் முதன்முறையாக அமுதவல்லி மகிழ்ந்தாள். அன்று பொழுது சாயுமட்டும், பனிக்குள்ளிருந்து வந்த ஒரு கூவலையும் அவள் மறுகூவலின்றி விடவில்லை.