எஞ்சின் விழுங்கிய எழுத்து

வள்ளத்தை விட்டுவிட்டு எஞ்சின் மட்டும் தனியாகக் காயலுக்குள் இறங்கிப் போனதற்கு முழுப் பொறுப்பும் தங்கையன் சாருடையதுதான். அதைப் பின்பலகையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு திருகாணிகள் உண்டு. ஒன்றை இறுக்கினார். மற்றதை இறுக்குவதற்குள் தலையைச் சாய்த்துத் தண்ணீரில் வேறு ஏதோ சத்தத்துக்குக் காதுகொடுக்கப் போய்விட்டார். அந்த ஞாபகத்திலேயே கயிற்றைச் சுற்றி இழுத்தார். எஞ்சின் உறுமியது, ஒரு துள்ளல் துள்ளியது, மணக்குடிக் காயலில் முங்கியது. குமிழிகள் வந்தன. கையில் கயிறு மட்டும் இருந்தது, மாட்டைத் தொலைத்தவனின் கையில் இருப்பதுபோல. சார் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார்.

அவர் நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார். மீன்பிடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவருடைய தூண்டிலைப் பொறுத்தவரை மீன்களுக்கும் அப்படித்தான். சனிக்கிழமை காயலுக்குப் போவார், திரும்பும் வழியில் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு சேர்வார். வள்ளமும் எஞ்சினும் மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்றவை. தங்கை நேசபாயின் கணவன் சத்தியராஜும் அவரும் ஆளுக்குப் பாதியாக வாங்கினார்கள். சின்ன வயதிலிருந்தே சேர்ந்து திரிந்தவர்கள். சத்தியராஜ் இப்போது இல்லை.

காயல் கடலோடு சேரும் வாயை மணல்திட்டு மூடிக்கிடக்கும். அந்த இடம்தான் பொழி. மழைவெள்ளம் ஏறினால் பொழி முறியும். முறிந்தால் காயலே அந்த வழியாகக் கடலுக்குள் பாயும். போன ஐப்பசியில் வள்ளம் தென்னந்தோப்பு வளைவைத் தாண்டியபோது, முன்னால் இருந்த சத்தியராஜ் திரும்பிக் கையை ஆட்டி ஏதோ கூவினான். பின்னால் எஞ்சினைப் பிடித்திருந்த தங்கையனின் காதில் 'போலே' என்று விழுந்தது. போடா, இன்னும் வேகமாகப் போ என்கிறான். அவனுக்கு எப்போதும் வேகம்தான். இவரும் சிரித்துக்கொண்டே முடுக்கினார். அதற்குப் பிறகு வள்ளம் இல்லை, தண்ணீர்தான் இருந்தது. இவரை மணல்திட்டு வாங்கிக்கொண்டது. சத்தியராஜைக் கடல், பள்ளம் என்ற ஊரின் கரையில் கொண்டுபோய் வைத்தது. கவிழ்ந்த வள்ளத்தை இழுத்துவந்து, எஞ்சினைச் சேறு துடைத்துக் கயிற்றை இழுத்தபோது, ஒன்றும் நடக்காததுபோல அது ஓடியது.

அடக்கத்துக்குப் பிந்திய ஞாயிறு ஆராதனையில், சபையே எழுந்து பாடிக்கொண்டிருக்கும்போது அவருக்கு அது உறைத்தது. அவன் 'பொழிலே' என்று கூவியிருந்தால்? பொழி முறிந்து கிடக்குது, திருப்புலே என்று சொல்லியிருந்தால்? நடுவிலிருக்கும் ழியை எஞ்சின் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது 'பொலே', காதுக்கு அது 'போலே'தானே? அவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றார்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் தனியாகவே வள்ளத்தை எடுத்தார். எஞ்சின் போலே போலே போலே என்றுதான் ஓடியது. நிறுத்திய பிறகும் தண்ணீருக்கடியில் அதே சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. இன்னொன்றும் உண்டு. ஒற்றை ஆள் பின்னால் உட்கார்ந்தால் வள்ளத்தின் முன்முனை தூக்கவேண்டும். தூக்கவில்லை. ஆளிருக்கும் வள்ளம்போல மட்டமாகவே போனது. பூகோளத்தில் இதற்குப் பாடம் கிடையாது. ஆட்களை அக்கரை சேர்க்கும் கடத்துவள்ளம் தள்ளுகிறவர்களிடம் அன்றைக்கு என்ன கேட்டது என்று விசாரித்துப் பார்த்தார். "காத்துல ஒண்ணும் வெளங்கல்ல சாரே" என்றார்கள். நேசபாயும் அன்றைக்குத் தூக்குச்சட்டியோடு கரையில் நின்றவள்தான். அவளிடம் மட்டும் மழை வருமா, பால் வந்ததா என்பதுபோன்ற கேள்விகளாகவே கேட்டு ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்.

முங்கிய எஞ்சின் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது புது எஞ்சின் வேண்டும். பாதி வள்ளம் நேசபாயுடையது என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு வடசேரிக்குப் போனார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு விற்கிற செல்வதாஸ் கொச்சியிலிருந்து இரண்டு வள்ளத்து எஞ்சின்கள் வரவழைத்து, முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களில் மாட்டி வைத்திருந்தார். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது.

"எத்தனை பேரு ஏறுவிய சாரே?"

"ரெண்டு" என்றார் தங்கையன். பிறகு, "இல்ல, ஒண்ணு."

"அப்பமும் பெரிசைக் கொண்டு போங்க. நம்ம தாலுகா மலையாளப் பக்கமா தமிழ்ப் பக்கமா, எந்தப் பக்கம் சேரும்னு தெரியாம நிக்கு. நீங்களாவது போவ வேண்டிய பக்கம் சட்டுனு போவலாம்லா?"

"வேகத்தை விடும். சத்தம் எப்படி?"

"எஞ்சின்னா சத்தம் போடும். சத்தம் வேண்டாம்னா துடுப்பு வாங்கணும்."

தங்கையன் செல்வதாஸைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார். "நான் எஞ்சின்கிட்ட நிக்கேன். நீரு 'பொழிலே'ன்னோ 'போலே'ன்னோ கூவும். எதுன்னு நான் சொல்லணும். எதுல சரியாக் கேக்குதோ அந்த எஞ்சின்தான் வேணும்."

பெஞ்சில் இருந்த நேசபாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, சாருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார் செல்வதாஸ்.

பெரிய எஞ்சின் முழங்கியது. செல்வதாஸ் வாயைக் கைகளால் குவித்துக் கூவினார். "போலே!" என்றார் தங்கையன். மறுபடி கூவினார். "போலே!"

"நான் தொண்டை கிழிய பொழிலேங்கேன், நீங்க போலேங்கிய!"

தெருவில் வண்டியை நிறுத்தி ஒருத்தன் இறங்கி வந்தான். "யாரைப் பாத்து ஓய் போலேங்குது?" அவனைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது.

சின்ன எஞ்சினை மூட்டினார்கள். இதன் சத்தம் மெலிசு, தையல் மிஷின் கொஞ்சம் கோபப்பட்டதுபோல. தங்கையன் கண்ணை மூடிக்கொண்டார்.

"போலே" என்றார்.

செல்வதாஸ் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நான் இன்னும் வாயே தொறக்கல்லியே சாரே."

நேசபாய் எழுந்து வந்தாள். எஞ்சினை நிறுத்தும்படி செல்வதாஸுக்குக் கைகாட்டினாள். அவர் நிறுத்திவிட்டு, உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டார்.

"இதுக்குத்தானா அண்ணே சனிக்கிழமை சனிக்கிழமை ஓடுன?"

"மீனுக்குன்னு சொன்னா நீ நம்பவா போற?"

அவள் சிரிக்கவில்லை. "எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"பயமா இருந்துதுட்டி."

"இப்பக் கேளு."

தங்கையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததால் கேள்வி சின்னதாகத்தான் வந்தது. "அவன் என்ன கூவினான்?"

"பொழின்னுதான். எனக்கு நல்லாக் கேட்டுது. நானும் கரையில நின்னு அதையேதான் கூவுனேன், அண்ணே. ஒனக்கு ரெண்டும் கேக்கல்ல."

பீப்பாய்க்குள் எஞ்சினின் விசிறி நின்றுவிட்டிருந்தது. தண்ணீர் இன்னும் நிற்கவில்லை. அதன்மேல் எண்ணெய் நிறம்நிறமாய் விரிந்து, விளிம்பில் இடித்து உடைந்து, சுற்றிக்கொண்டே நடுவுக்கு வந்தது.