ஒரு படி தவிடு

எடுத்த எடுப்பில் யாரையும் நம்புகிற ஆள் நானில்லை. டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துக் கோயிலில் நான் உபதேசியார். இந்த வேலைக்கு அந்தக் குணம்தான் லாயக்கு.

நிரோஜினிக்கும் நிதுஷனுக்கும் பூசையில் கலியாண ஓலை வாசித்து அறிவிக்கக் கேட்டார்கள். ஞானஸ்நானப் பதிவைப் புரட்டினேன். பெண்ணின் பெற்றோர் லோரன்ஸ், பெற்றீசியா. மாப்பிள்ளையின் பெற்றோரும் அவர்களே! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனுக்கும் தங்கைக்குமா ஓலை வாசிப்பது?

நிதுஷன் வளர்ந்தது அவர்கள் வீட்டுக்கு அடுத்த லயத்துக் காம்பராவில், விதவை நாகலெட்சுமியிடம். பிறப்புச் சான்றிதழில் அவள்தான் தாய். எனக்கென்னவோ அதில்தான் சந்தேகம். அவள் அவனை மகன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பெற்றீசியாவிடம், "உங்க வூட்டுப் புள்ள சாப்பிடாம போயிட்டான்" என்பாள். போதாததற்கு, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே மாதிரிக் காது.

பாதரிடம் சொல்லி ஓலையை நிறுத்தினேன். பூசை முடிந்ததும் லோரன்ஸ், பெற்றீசியா, நாகலெட்சுமி மூவரையும் கூப்பிட்டோம்.

பெற்றீசியாதான் பேசினாள். நாகலெட்சுமிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டனவாம். மூன்றாவதான நிதுஷனைச் சாவு அவள் பிள்ளையென்று கண்டுகொள்ளக் கூடாதென்று ஒரு படி தவிட்டுக்குப் பெற்றீசியாவிடம் விற்றாளாம். வாங்கியவளே தாயாக நின்று ஞானஸ்நானம் கொடுக்க வைத்தாளாம். வெளியிலிருந்து வந்த சாமியாரும் சொன்னபடி எழுதிக்கொண்டாராம். கதை நன்றாகத்தான் இருந்தது. நான் நம்பவில்லை.

பெற்றவள் பீடத்தின் முன் வாய்திறந்து சொன்னால் போதும், பதிவைத் திருத்தலாம் என்றார் பாதர். நாகலெட்சுமி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அகப்பட்டுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

நிதுஷன் எங்கே என்று கேட்டாள். ஹட்டனுக்குப் போயிருக்கிறான், வந்துகொண்டிருப்பான் என்றார் லோரன்ஸ். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். பீடத்துக்கு அருகே வந்து, பாதரின் காதுக்கு மட்டும் எட்டுகிற குரலில் சொன்னாள்.

"அவன் எம்மகன் சாமி. நாந்தான் பெத்தேன்."

எனக்கும் கேட்டது. சொன்ன வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். மறுகையால் போனை எடுத்தாள்.

"எங்க வர்ற? பஸ்ஸுல படியில நிக்காத. உள்ள போய் ஒக்காரு."

கலியாணத்துக்கு இனித் தடையில்லை என்றார் பாதர். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவளோடு எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். பஸ் வளைவில் திரும்பி, அவன் இறங்கி நடந்து வரும் வரை நானும் நகரவில்லை.