மோட்டார் சைக்கிளில் வரும் மெயில்

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்த இசக்கிசெல்வி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புருஷனின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. ஒவ்வொரு முறையும் ரிங் முழுதாகப் போய் நின்றதும் கவுண்டரைப் பார்த்து, "போவுது அண்ணாச்சி. எடுக்க மாட்டேங்காவ" என்றாள்.

கவுண்டரில் இருந்தவர் ஹவல்தார் சுடலைக்கண்ணன். மும்பை தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழில் அழுகிறவர்கள் எல்லோரும் அவர் மேசைக்குத்தான் வருவார்கள். அவள் புருஷன் ஆறுமுகநயினார் காட்கோபருக்கு லோடு இறக்கப் போனவன். நேற்று மதியத்துக்குப் பிறகு ஆளைக் காணோம். சர்க்கரை உண்டு. போட வேண்டிய ஊசி மருந்து வீட்டிலேயே இருந்தது.

போன் எந்த டவரில் இருக்கிறது என்று கம்பெனிதான் சொல்ல வேண்டும். அரசாங்க மெயிலுக்கு மட்டுமே கம்பெனி பதில் போடும். ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் இருந்தது, அதற்குத் தைத்த உறையும் இருந்தது; நெட்டும் மெயில் ஐடியும் மேல் அலுவலகத்தில் இருந்தன. இங்கே எழுதும் கடிதம் மோட்டார் சைக்கிளில் அங்கே போய் மெயிலாகும். பதில் அங்கே பிரிண்ட் ஆகி, சாயங்காலத் தபாலோடு மோட்டார் சைக்கிளில் திரும்பும்.

கடிதம் பத்தரைக்கே போய்விட்டது. சுடலைக்கண்ணன் அதைப் போட்டோ எடுத்துத் தன் சொந்த ஜிமெயிலிலிருந்தும் அனுப்பிப் பார்த்தார். இரண்டு வரியில் பதில் வந்தது: தனிநபர் ஐடியிலிருந்து வரும் கோரிக்கை ஏற்கப்படாது.

அவள் மறுபடி நம்பரை அழுத்தப் போனாள்.

"அடிக்காத தங்கச்சி. நீ அடிக்க அடிக்க அங்க சார்ஜ் எறங்கும். அணைஞ்சிட்டா டவர் காட்டாது."

"ரிங்கு போனாத்தான அவுக இருக்காகன்னு எனக்குத் தெரியும்?"

அவள் போனை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மேல் அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்தார். மெயில் பார்க்கும் கிளார்க் ஷாலினி மேடம் முதலில் மீட்டிங்கில் இருந்தார், பிறகு சாப்பாட்டில். மூன்றாவது தடவை அவரே எடுத்து, தபால் வழக்கம்போல ஐந்து மணிக்கு வருமே, என்ன அவசரம் என்று கேட்டார். கவுண்டருக்கு மாற்று ஆள் மூன்றரைக்குத்தான் வந்தான். சுடலைக்கண்ணன் டாக்சி பிடித்தார்.

மேல் அலுவலக ட்ரேயில் கம்பெனியின் பதில் மற்ற ஸ்டேஷன்களின் காகிதங்களுக்கு நடுவே கிடந்தது. மெயில் வந்த நேரம் மேலேயே அச்சாகியிருந்தது: ஒன்று பத்து. டவர் சுனாபட்டி, ரயில் பாதையை ஒட்டி. ஸ்டேஷனிலிருந்து பைக்கில் பத்து நிமிடம்.

அவர் ஆறுமுகநயினாரின் நம்பரை அடித்தார். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொன்னது. ரோந்து வண்டியைக் கூப்பிட்டு, பாதையோரம் முழுக்கத் தேடச் சொன்னார். காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பியபோது ஷாலினி ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஒப்படைத்த நேரம் என்ற கட்டத்தில் பென்சிலால் ஒன்று பதினைந்து என்று எழுதியிருந்தது.

"மணி நாலேகால் மேடம்," என்றார் இந்தியில்.

"தெரியும் அண்ணா. மாசக் கடைசியில சாஹேப் இத மேலிடத்துல காட்டணும். பென்சில் மேலயே எழுதுங்க."

ஷாலினி பேனாவைத் திறந்து நீட்டினார். அந்தப் பக்கத்தில் அவருடைய வரிக்கு மேலே பதினொரு வரிகள். பதினொன்றிலும் வேறு வேறு கையெழுத்து, பென்சில் மேல் நீல மை. மெயில் வந்ததற்கும் ஒப்படைத்ததற்கும் நடுவே எல்லாவற்றிலும் ஐந்தே நிமிடம்.