கிளீனர் சீட்டு

அந்த வண்டியின் இடப்பக்கக் கதவு எப்படித் திறக்கும் என்பதே பூமாலைக்குச் சரியாகத் தெரியாது. அவனுடைய சொந்த பிக்கப்தான். புது வண்டியாக வாங்கி, பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த நாளிலிருந்து வலப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கியே பழக்கம். இடப்பக்கப் பிடியை லேசாக மேலே தூக்கிவிட்டு இழுத்தால்தான் கதவு விடும் என்பதை மணிமொழி சொல்லித்தான் தெரிந்துகொண்டான். மணிமொழி அவன் மனைவி. இன்றைக்கு வண்டியை மலைக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறவளும் அவள்தான்.

போன வருஷம் கரீம் பாயின் ஹார்டுவேர்ஸ் கடை வாசலில் போர்வெல் மோட்டார் ஒன்றை இறக்கும்போது சங்கிலி நழுவி, மோட்டார் பூமாலையின் வலது காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. கணுக்கால்தான் மடங்க மாட்டேன் என்றது. கைத்தடி ஊன்றி நடக்கலாம், மாடி ஏறலாம், பிரேக்கை மிதிக்க மட்டும் முடியாது. டாக்டர் அதைச் சொன்னபோது பூமாலைக்கு முதலில் ஞாபகம் வந்தது கால் இல்லை, வண்டி.

அந்த வண்டியை அவன் பார்த்துப் பார்த்து ஆக்கியிருந்தான். மலைப்பாரம் தாங்குவதற்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டான். பின்தொட்டியைச் சுற்றியிருந்த அடைப்புப் பலகைக்கு மேலே ஆளுயரத்துக்கு இரும்புச் சட்டம் கட்டி, அதற்கும் மேலே மூட்டை அடுக்க வசதி செய்தான். கயிறு மாட்டச் சுற்றிலும் கொக்கி, மலைவளைவில் எதிரொலிக்கிற மாதிரி ஹாரன் என்று ஒவ்வொன்றாக வைத்தான். மரவள்ளி, பலாப்பழம், சிமெண்டு, சினைமாடு, கல்யாணப் பந்தல் எதுவானாலும் பூமாலை வண்டி மலை ஏறும் என்று ஒரு பேர் இருந்தது.

கால் போனதும் கூலிக்கு டிரைவர் வைத்துப் பார்த்தார்கள். வந்தவன் கிளட்சைத் தேய்த்து வைத்துவிட்டுப் போனான். அடுத்தவன் சொல்லாமல் கொள்ளாமல் வெளி லோடு அடித்து, காசைத் தன் பையில் போட்டுக்கொண்டான். அவனை அனுப்பிய அன்றைக்குச் சாயங்காலம், சோற்றைப் போட்டுக்கொண்டே மணிமொழி சொன்னாள்.

"நான் ஓட்டக் கத்துக்கறேங்க."

பூமாலை சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். அதற்குப் பிறகு கரும்பு வெட்டிய வயலில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகினாள். வண்டியில் இரண்டு வேலை செய்யச் சொன்னாள். சீட்டுக்கு மேலே ஒரு மெத்தை, இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழே வட்டமாக இன்னொரு கண்ணாடி.

"லாரிக்கு வெக்கிற கண்ணாடி இதுக்கு இன்னாத்துக்கு? பாக்கறவன் சிரிப்பான்" என்றான் பூமாலை.

"எனக்குப் பின் சக்கரம் தெரியணும். சிரிக்கிறவன் சிரிச்சிக்கினு போவட்டும்."

கொஞ்ச நாள் ஊருக்குள்ளேயே லோடு அடித்தாள். பிறகு சின்னசேலம் வரை போய் வந்தாள். இன்று காலையில் கரீம் பாய் கடையில் தண்ணீர் டேங்கும் பைப்பும் ஏற்றி முடித்ததும், பாய் பூமாலையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"கரியாலூர் போவணும்மா. மலைக்குப் போவியா?"

"போவேன் பாய்."

பாய் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். பூமாலை கைத்தடியைத் தூக்கி வண்டிக்குள் போட்டுவிட்டு, கதவுப் பிடியை மேலே தூக்கி இழுத்தான்.

கச்சிராயபாளையம் தாண்டுகிற வரைக்கும் அவன் வாய் ஓயவில்லை. கியரை மாத்து. ஆடு வருது பாரு. பள்ளத்துல விடாத. அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் ரேடியோ ஓடுகிற மாதிரி எடுத்துக்கொண்டாள். கோமுகி அணையின் கரை கண்ணில் பட்டு மறைந்தது. பரிகம் தாண்டி ரோடு மேலே திரும்பியதும் பூமாலைக்குத் தானாகவே பேச்சு நின்றது.

இடப்பக்கத்தில் பள்ளம் இருந்தது.

இந்த மலையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பான், கணக்கே கிடையாது. எந்த வளைவில் தண்ணீர் கசியும், எங்கே குரங்குகள் உட்கார்ந்திருக்கும், எந்த மரத்துக்குப் பக்கத்தில் ஹாரன் அடிக்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். இப்படி ஒரு பள்ளம் இருப்பது மட்டும் தெரியாது. ரோடு இருந்தது, ரோட்டின் ஓரத்தில் வெள்ளைக் கல் இருந்தது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை என்றுதான் அவன் கண் பழகியிருந்தது. இப்போது கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், கீழே எங்கேயோ மரங்களின் தலை தெரிந்தது. டயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் மண். அவனுடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. மடங்காத கணுக்காலில் வலி சுரீரென்று ஏறியது.

"காலை ஏன் அமுக்கறீங்க? அங்க பிரேக் இல்ல" என்றாள் மணிமொழி, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ரொம்ப ஓரமாப் போறியோன்னு…"

"நீங்க போறதவிட உள்ளதான் போறேன். கண்ணாடியில பாத்துக்கினுதான் வரேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு அவன் கேட்டான்.

"கோயிலுக்கு வரும்போதெல்லாம் நீ இங்கதான உக்காருவ. பயமா இருந்துச்சா?"

"பின்ன?"

"ஒரு நாளும் சொன்னதில்லயே."

"சொன்னேனே. மெதுவாப் போங்கன்னு எத்தினியோ தபா சொல்லியிருக்கேன். நான் ஓட்டாத ரோடான்னு கேப்பீங்க."

கேட்டிருக்கிறான். சிரித்துக்கொண்டே, ஒரு கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கேட்டிருக்கிறான். பெண் பிள்ளைகளுக்கு மலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தான். அவள் பயந்தது மலைக்கு இல்லை, அவள் பார்த்ததை அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்று இப்போது புரிந்தது. கதவை ஒட்டி உட்கார்ந்து அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கரியாலூரில் டேங்கையும் பைப்பையும் இறக்கிவிட்டு, அங்கிருந்து மண் ரோட்டில் இருசம்மாளின் மரவள்ளிக் கொல்லைக்குப் போனார்கள். இருசம்மாள் மலைக்காரி. வருஷா வருஷம் அவள் மரவள்ளியைச் சவ்வரிசி ஆலைக்குக் கொண்டு போகிறவன் பூமாலைதான். கிழங்கை வெட்டி மூட்டை பிடித்து ரோட்டோரம் குவித்து வைத்திருந்தாள். ஆட்கள் ஏற்றத் தொடங்கினார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மூட்டை அடைப்புப் பலகையின் மட்டத்துக்கு வந்ததும் மணிமொழி கையைக் காட்டினாள்.

"போதும்ணா. கயிறு கட்டுங்க."

ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பூமாலையைப் பார்த்தார்கள். இருசம்மாளும் அவனைத்தான் பார்த்தாள்.

"இன்னும் அத்தினி மூட்ட கெடக்குதே! பூமாலண்ணன் மேல வரைக்கும் ஏத்திக்கினு போவாரே!"

"ஏத்தலாம் மணி. சட்டம் கட்டி வெச்சிருக்கறது எதுக்கு? பட்டை தாங்கும்" என்றான் பூமாலை.

"பட்டை தாங்கும். மழை வருது, எறக்கம், எனக்கு இது மொத தபா. பலகைக்கு மேல ஒரு மூட்டகூட வேணாம்."

"அந்த அக்கா முன்னால எம் பேரக் கெடுக்கறியா?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஓட்டப்போறது நான்தானங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைத் தேடினார்கள்.

பிறகு அவளே இருசம்மாளிடம் போனாள். வண்டியில் இருந்த இரண்டு தார்ப்பாயில் பெரியதை எடுத்து, மிச்ச மூட்டைகளை மூடி, ஓரங்களில் கல் வைத்தாள்.

"நாளைக்குக் காத்தால வந்து ஏத்திக்கினு போறேங்கா. இது இங்கயே இருக்கட்டும்."

"நெசமா வருவியா?"

"வருவேன்."

இருசம்மாளுக்கு அரை நம்பிக்கைதான். தார்ப்பாயின் ஒரு மூலையை இன்னொரு தடவை இழுத்துவிட்டாள். பூமாலை அதற்குள் போய் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். உச்சிமண்டை வரை சூடு ஏறியிருந்தது. அவன் கட்டிய வண்டி, அவன் சம்பாதித்த பேர், அவன் பேச்சுக்கு அந்த ஆட்களிடம் இருந்த மரியாதை, எல்லாவற்றையும் ஒரு கையசைப்பில் இறக்கி வைத்துவிட்டாளே என்று இருந்தது.

இறக்கத்தில் பாதி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு பனிமூட்டமும் இறங்கியது. மணிமொழி இரண்டாவது கியரிலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் திரும்பப் போகிற நேரத்தில், கீழேயிருந்து விளக்குப் போட்டுக்கொண்டு பஸ் வந்துவிட்டது. வளைவு முழுக்க பஸ்ஸுக்கே வேண்டும். பஸ் பின்வாங்க வழியில்லை, அதன் பின்னால் ஒரு டிராக்டர் நின்றது. பிக்கப்தான் மேட்டில் பின்னால் ஏறி, அகலமான இடத்துக்குப் போக வேண்டும்.

மணிமொழி ரிவர்ஸ் போட்டாள். கிளட்சை விட்ட வேகத்தில் என்ஜின் நின்றது. வண்டி பஸ்ஸின் முகத்தை நோக்கி இரண்டடி நழுவியது. பஸ்ஸுக்குள் யாரோ கத்தினார்கள். அவள் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டாள். வண்டி நின்றது. அவள் ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தாள்.

"பின்னால ஒண்ணுமே தெரியலங்க. ஒரே வெள்ளையா இருக்குது."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும், நீ தள்ளி உட்காரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஒரு நேரம் வராதா என்று அவன் மனசுக்குள் ஏங்கிக்கொண்டுதான் இருந்தான். அது வந்தபோது அவன் வாயில் வந்தது வேறு.

"நான் எறங்கிப் பாத்துச் சொல்றேன்."

"வழுக்கும்ங்க. அந்தக் கால வெச்சிக்கினு…"

அவன் அதற்குள் கதவைத் திறந்துவிட்டான். மழை முகத்தில் அறைந்தது. ரோட்டோரக் கல் ஒன்றைக் கைத்தடியால் நெம்பி உருட்டிவந்து முன்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தான். வண்டியின் உடம்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனான். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் அந்தப் பள்ளம். எங்கே நின்றால் அவளுக்குத் தெரியும் என்று யோசித்து, இடப்பக்கக் கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தான். மேல் கண்ணாடியில் மழைதான் தெரிந்தது. கீழே இருந்த வட்டக் கண்ணாடியில் சின்னதாக அவள் முகம் தெரிந்தது. அவளும் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அங்கேயே கைத்தடியை ஊன்றி நின்றான்.

"ஹேண்ட் பிரேக் இருக்கட்டும்! ஆக்ஸிலேட்டர் குடு! வண்டி இழுக்கும்போது பிரேக்க விடு!"

என்ஜின் உறுமியது. பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து, வண்டி அசைந்தது.

"வரட்டும்… வரட்டும்… ரைட்ல ஒடி… போதும், நேராக்கு… வரட்டும்…"

சக்கரம் ஒரு தடவை சேற்றில் சுற்றியது. பிறகு பிடித்துக்கொண்டது. அவன் வண்டியோடு கூடவே நொண்டி நொண்டி ஏறினான், கத்திக்கொண்டே ஏறினான். மேலே அந்தச் சட்டம் முட்டும் வரை மூட்டை இருந்திருந்தால் இந்த மேட்டில் இந்த ஈரத்தில் வண்டி ஏறியிருக்காது என்பதை அவன் உடம்பே அறிந்தது. அவன் கையில் ஓட்டியிருந்தாலும் ஏறியிருக்காது. அகலமான இடம் வந்ததும் பலகையை ஓங்கித் தட்டினான். வண்டி நின்றது.

பஸ் ஏறி வந்தது. டிரைவர் பழைய பழக்கம். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னா பூமால, கிளீனரா சேந்துட்டியா?"

"ஆமாம்ணா. புதுசு. இன்னும் படிக்காசு பேசல" என்றான் பூமாலை, முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உள்ளே ஏறி உட்கார்ந்ததும் மணிமொழி துண்டை நீட்டினாள். அடிவாரம் வரைக்கும் அடுத்தடுத்த வளைவுகளில் அவன் எட்டிப் பார்த்து, "இடது பக்கம் காலியா இருக்குது, வா" என்று மட்டும் சொன்னான். அவள் வந்தாள்.

சவ்வரிசி ஆலை வாசலில் டிராக்டரும் லாரியுமாக நீளமான வரிசை. மழை இந்தப் பக்கம் தூறலோடு நின்றிருந்தது. வரிசையில் நிற்கும்போது டிரைவர்கள் இறங்கி டீக்கடைப் பக்கம் கூடுவது வழக்கம். பூமாலையும் எப்போதும் இறங்குவான். இன்று கால் வீங்கியிருந்தது, சீட்டிலேயே சாய்ந்துகொண்டான். மணிமொழி இறங்கி டீ வாங்கப் போனாள்.

வெற்றிவேல் என்கிற லாரி டிரைவர் அவளிடம் கேட்பது காதில் விழுந்தது. "மேல மழையாக்கா? ரோடு எப்பிடி?"

முன்னெல்லாம் இந்தக் கேள்வியை அவனிடம்தான் கேட்பார்கள். உள்ளே எங்கேயோ ஒரு முள் குத்தியது. பிறகு அவள் பேசுவதைக் கேட்டான். அவள் கையால் வளைவு போட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் எங்கே நின்றது, என்ஜின் எப்படி அணைந்தது, பின்னால் எப்படி வெள்ளையாக இருந்தது, எல்லாம் வரிசையாக.

"எனக்குக் கையே ஓடலண்ணா. இவரு அந்தக் கால வெச்சிக்கினு மழையில எறங்கிட்டாரு. பள்ளத்தோரமா நின்னுக்கினு ஒவ்வொண்ணா சொன்னாரு. கண்ணாடியில இவரு மூஞ்சி தெரிஞ்சிது பாரு, அப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சி."

கூடியிருந்தவர்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமாலை சட்டென்று டேஷ்போர்டைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டான். மலையில் தான் வண்டி ஓட்டிய கதைகளை அவன் இதே இடத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். தன்னைப் பற்றி இன்னொருவர் வாயால் ஒரு கதை கேட்பது இதுதான் முதல் தடவை. அதில் அவன் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

முன்னால் நின்ற டிராக்டர் புகை விட்டுக் கிளம்பியது. அவள் இன்னும் கதையை முடிக்கவில்லை. பூமாலை கையை வெளியே நீட்டி, இடப்பக்கக் கதவைப் பட்பட்டென்று தட்டினான்.

"மணி! வரிசை நவுருது, வா!"

"தோ வந்துட்டேன்" என்று இரண்டு டீயையும் ஏந்திக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.