வலிக்காத கட்டி

வெண்ணந்தூர்ப் பக்கம் எலி செத்து விழ ஆரம்பித்த அன்றே மாதையனின் கழுத்துக்கட்டி ஊருக்கெல்லாம் பிளேக் ஆகிவிட்டது. ஐப்பசியிலிருந்தே இருந்த கட்டி அது. அப்போதெல்லாம், "நெறி கட்டியிருக்குது, கால்ல முள்ளு ஏறியிருக்கும் பாரு" என்று சொல்லிப் போனவர்கள்தான் இப்போது தீப்பந்தமும் தடியுமாக வந்து நின்றார்கள். பயம் வந்த கூட்டத்துக்கு ஞாபகம் ஏது!

ஒரே உதையில் கதவு பெயர்ந்தது. மாதையனின் காலைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டார்கள். ஒரு கல் நெற்றியைப் பிளந்தது. குறுக்கே விழுந்த மனைவி ஆராயியின் முதுகிலும் தடி இறங்கியது. கூரைக்குப் பந்தத்தை நீட்டியவன் செங்கோட்டையன், அவளுக்கு அண்ணன் முறை.

"அண்ணா, பிளேக் கட்டியத் தொட்டா உசுரு போறாப்புல கத்துவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? இப்பப் பாருங்க!"

புருசன் தலையை மடியில் சாய்த்து, கோழிமுட்டை அளவுக்கு இருந்த கட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நகம் பட்டு ரத்தம் கசிந்தது.

"கட்டி வலிக்குதுங்களா?"

"இல்ல புள்ள."

செங்கோட்டையன் நம்பவில்லை. அக்குளில் இருந்த இன்னொரு கட்டியில் தடி நுனியை வைத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். மாதையன் முகம்கூடச் சுளிக்கவில்லை. பந்தம் தாழ்ந்தது. மன்னிப்புக் கேட்க ஒரு நாய்க்கும் தோன்றவில்லை.

"வலிக்காத கட்டியாக் குடுத்து அந்தக் காளியாத்தா உங்களக் காப்பாத்திட்டாளுங்க" என்று ஆராயி அழுதுகொண்டே சிரித்தாள்.

நெற்றிக் காயத்துக்குத் தையல் போடச் சேலத்துக்குப் போனார்கள். டாக்டரின் கண் கழுத்துக்குப் போனது. ஒரு கட்டியை வெட்டி எடுத்தார். வெட்டிய இடம் மீன் சதையாய் வெளுத்திருந்தது. அதைப் பட்டணத்துக்கு அனுப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்து முடிவு வந்த அன்று ஆராயியைத் தனியே கூப்பிட்டார்.

"கட்டியில எப்பவாவது வலி இருந்துச்சாம்மா?"

"துளிகூட இல்லீங்க, சாமி" என்றாள், பெருமையாக.

"அதுதான் பாரு. சீழ்க்கட்டியா இருந்தா வலிச்சிருக்கும், கீறி ஆத்தியிருப்பேன். இது புத்துநோய். நெறிக்கட்டு ஒவ்வொண்ணாப் பிடிச்சு வலிக்காமலே வளருது. எங்கிட்ட மருந்து இல்லம்மா."

திரும்பும் வண்டியில் திடீரென்று வெறி பிடித்தவள்போல் அவன் கழுத்தில் மிச்சமிருந்த கட்டியை இரண்டு கையாலும் நெரித்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லுங்க! ஒருக்காச் சொல்லுங்க, சாமி!"

மாதையன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வலிக்குது புள்ள" என்றான், முகம்கூடச் சுளிக்காமல்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும்.